கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. ஆனால் சென்னையின் உச்சிக்கு நேராகச் சூரியன் வருவது மே மாத இறுதியில் அல்ல. ஏப்ரல் 25-ஐ ஒட்டியே அது வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஏப்ரல் கடைசி வாரத்துக்கும் மே கடைசி வாரத்துக்கும் இடையே நகரத்தின் மீது விழும் வெயிலின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. மே மாதத்திலேயே கூட, அடுத்தடுத்த இரண்டு தெளிந்த நாட்களில் ஒன்று 37 டிகிரியிலும் மற்றொன்று 41 டிகிரியிலும் முடிவதுண்டு. இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அன்றைக்குக் கடற்காற்று எத்தனை மணிக்குக் கரையேறியது என்பதுதான்.

வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. அது காற்றைப் பெரும்பாலும் ஊடுருவிச் சென்று தரையையும் கடலையும் சூடாக்க, அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று கீழிருந்து மேலாகச் சூடேறுகிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணை ஏறக்குறைய ஐந்து டிகிரி சூடாக்கிவிடும். அது மட்டுமன்று: மண்ணில் வெயிலின் வெப்பம் ஒரு பகலில் சில அங்குல ஆழத்துக்கே இறங்குகிறது, கடலிலோ ஒளியே பல மீட்டர் ஆழம் வரை ஊடுருவுகிறது, அலைகள் நீரைக் கலக்கி அந்த வெப்பத்தை மேலும் ஆழத்துக்குப் பங்கிடுகின்றன, ஆவியாதலும் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடுகிறது. எனவே மே மாத நண்பகலில் தார்ச்சாலை 60 டிகிரியைத் தாண்டும்போதும், வங்கக் கடலின் மேற்பரப்பு காலையில் இருந்த 29 அல்லது 30 டிகிரியிலேயே ஏறத்தாழ நிற்கிறது.

சூடான காற்று மேலே எழுகிறது, அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடி வருகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். படித்தவுடன் புரிவதுபோல் தோன்றும் இந்த விளக்கத்தில் ஒரு பிழை உண்டு: வெற்றிடம் என எதுவும் உருவாவதில்லை. தரைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் உயரமுள்ள காற்றுத் தூண் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அது சராசரியாக மூன்று டிகிரி சூடானால், நூற்றில் ஒரு பங்கு, அதாவது பத்து மீட்டர், உயர்ந்து விரிகிறது. விரிந்ததனால் மட்டும் அதன் எடை குறைந்துவிடாது. ஆகவே தரையில் அழுத்தம் உடனே மாறுவதில்லை. ஆனால் மேலே, பக்கத்துக் கடலுக்கு மேல் அதே உயரத்தில் இருப்பதைவிட அழுத்தம் சற்றுக் கூடிவிடுகிறது. அதனால் மேலேயுள்ள காற்று முதலில் கடலை நோக்கி வழிகிறது. அப்படிக் காற்று வெளியேறிய பிறகே தூணின் எடையும், தரையிலுள்ள அழுத்தமும் குறைகின்றன. அதன் பின்னரே கீழே கடலிலிருந்து காற்று உள்ளே தள்ளப்படுகிறது. இத்தனைக்கும் அந்த அழுத்த வேறுபாடு சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல்தான். மொத்தக் காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாலையில் மெரினாவில் தாவணியையும் பட்டத்தையும் பறக்கவிட அதுவே போதுமானதாக இருக்கிறது.

அப்படியானால் தரை அதிகம் சூடாகும் நாளில் கடற்காற்றும் முந்திக்கொண்டு வர வேண்டுமே? எதிரே இன்னொரு காற்று இல்லாவிட்டால் அப்படித்தான் வரும். தமிழில் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை. மேல்காற்றுக்கும் (மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும்) வெயில் காலத்துக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. மே மாதப் பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்க நெருங்க, இந்தக் கோடைக் காற்று வலுக்கிறது. அரபிக் கடலிலிருந்து 28 டிகிரியில் கிளம்பும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுவதாகக் கொள்வோம். ஈரம் துளிகளாகத் திரளும் வரை அது கிலோமீட்டருக்குச் சுமார் பத்து டிகிரி வீதம் குளிரும். திரளத் தொடங்கிய பின், நீராவிக்குள் உறைந்திருந்த வெப்பம் வெளிப்படுவதால், அதில் பாதி வீதத்தில்தான் குளிரும். முதல் 500 மீட்டரில் ஐந்து டிகிரி, அடுத்த 1,000 மீட்டரில் ஐந்து டிகிரி எனக் குறைந்து உச்சியில் 18 டிகிரியாகிறது. மழையை அப்புறம் உதிர்த்துவிட்டு இப்புறம் இறங்கும்போதோ, உலர்ந்த காற்றுக்குரிய முழு வீதத்தில் சூடேறி 33 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பிறகு காய்ந்த சமவெளியை வெயிலில் கடந்து சென்னைக்கு வந்து சேர்கையில் அது எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே கதை நடக்கிறது. மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் வறண்ட காற்றை அங்கே கச்சான் என்பார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் அது மட்டக்களப்பில் கடற்காற்றையே தடுத்து நிறுத்தி, வெப்பநிலையை 38 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோவதுண்டு.

ஆக, சென்னையின் வெப்பநிலை ஒவ்வொரு நாளும் இரண்டு காற்றுகளின் தள்ளுமுள்ளைப் பொறுத்தது. மேல்காற்று மெலிந்த நாளில் முற்பகலிலேயே கடற்காற்று நுழைந்து, வெப்பநிலை ஏறுவதைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. மேல்காற்று வலுத்த நாளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை அது கடலுக்குள்ளேயே காத்து நிற்க, பாதரசம் 40-ஐத் தாண்டுகிறது. கடலுக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தைவிட, உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் வெப்பநிலை பெரும்பாலும் கூடுதலாகப் பதிவாவதற்கும் இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம். நுழைந்த காற்று, பூமியின் சுழற்சியால் மெல்ல வலப்புறம் திரும்புவதனால், பிற்பகலில் கிழக்கிலிருந்து வீசியது இரவு நெருங்கும்போது தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வீசுகிறது.

கடற்காற்று வந்ததும் வெப்பமானி சில நிமிடங்களிலேயே இரண்டு, மூன்று டிகிரி இறங்கக்கூடும். ஆனால் அது கொண்டுவரும் ஈரம் வியர்வை உலர்வதைத் தடுப்பதால், காற்று நின்ற சந்துகளில் வெக்கை போய்ப் புழுக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெப்பநிலை மட்டுமே உடலின் துன்பத்தை அளக்கும் என நினைப்பவர்கள், செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலையைச் சென்னையில் மின்விசிறியின்றிக் கழித்துப் பார்க்கலாம்.

நகரைக் கடந்த பிறகும் அதன் வேலை முடிவதில்லை. குளிர்ந்து கனத்த கடற்காற்று, சூடான மேல்காற்றுக்கு அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை மேலே நெம்புகிறது. இரண்டும் மோதும் அந்த எல்லைக்கோட்டைச் சென்னைத் துறைமுகத்திலுள்ள டாப்ளர் ரேடாரின் படத்தில் சில நாட்களில் கரைக்கு இணையான மெல்லிய கோடாகக் காண முடியும். மழையே இல்லாதபோதும், அங்கே திரளும் பூச்சிகளும் காற்றடர்த்தி மாற்றங்களும் ரேடார் அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. மேலே போதிய ஈரம் இருந்தால் அந்தக் கோட்டில் இடிமேகங்கள் கிளம்புகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் மாலையில் திரண்டு, மேல்காற்றின் போக்கில் இரவில் சென்னைக்கு இடியோடு வந்து சேரும் மழைகளில் பல இவ்வாறு தொடங்கியவையே.

சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வேகமாக வானுக்கு விட்டுவிடுகிறது. கடல் அப்படியே இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் தரை கடலைவிடக் குளிர்ந்துபோக, காற்றும் திசை மாறிக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்குகிறது. இரவில் வெப்பநிலை வேறுபாடு சிறியது என்பதால், இந்த நிலக்காற்று கடற்காற்றைவிட மெலிந்தது, உயரமும் குறைந்தது. எனினும் அந்நாளில் பாய் விரித்த கட்டுமரத்தை விடியுமுன் கடலுக்குள் கொண்டுசெல்ல அது போதுமானதாக இருந்தது; பிடித்த மீனோடு பிற்பகலில் கரை திரும்புவதற்குக் கடற்காற்று இருந்தது.