ஒருதிண்ம மேற்கூடு: ஒரு போலிஷ் கலைச்சொல்லும் அதன் தமிழும்

போலந்தில் 1980களின் தொடக்கத்தில் உருவான பெஸ்கிட் 106 என்னும் சோதனை மகிழுந்தைப் பற்றிய போலிஷ் விவரிப்புகளைத் தமிழாக்க முனைபவர் முதலில் எதிர்கொள்ளும் தொடர் ‘யெட்னோபிரிவோவே நட்வோஜியே’ என்பதாகும். இயந்திரப் பகுதி, பயணியர் அமரும் பகுதி, பொருள் வைக்கும் பகுதி ஆகியவை தனித்தனிப் புடைப்புகளாகப் பிரிந்து தெரியாமல், வண்டியின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே வடிவமாக இயைந்து நிற்கும் மேற்கட்டமைப்பையே இத்தொடர் குறிக்கிறது.

இதில் ‘நட்வோஜியே’ என்ற பெயர்ச்சொல் ‘நட்’, ‘வூஸ்’ என்னும் இரண்டின் சேர்க்கை. ‘நட்’ என்றால் மேல். ‘வூஸ்’ என்றால் வண்டி, அதுவும் குதிரை பூட்டிய பழைய வண்டி. வண்டியின் மேல் அமைவது என்பதே நேர்ப்பொருள். இதன் இணைச்சொல் ‘பொட்வோஜியே’. ‘பொட்’ என்பது கீழ். நம் பட்டறைகளில் ‘பாடி’ என்றும் ‘சேஸ்’ என்றும் வழங்கும் இரண்டையும் போலிஷ் மொழி மேல், கீழ் என்ற எளிய எதிர்வாலேயே பிரித்துவிடுகிறது. ‘பாடி’யை ‘உடல்’ என்று பெயர்க்கும் வழக்கம் தமிழில் இருந்தாலும், வண்டியின் உடல் என்றதும் இயந்திரமும் சக்கரமும் சேர்ந்த முழு வண்டியே பலருக்கு மனத்தில் தோன்றும். கூண்டு வண்டியையும், பேருந்துக்குக் கூடு கட்டுவதையும் அறிந்த மொழிக்கு ‘மேற்கூடு’ என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது. ‘பொட்வோஜியே’ என்பதற்கு ‘அடிச்சட்டம்’ போதும்.

அடைமொழியில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். ‘யெடென்’ என்றால் ஒன்று. ‘பிரிவா’ என்பது உழுத நிலத்தில் கிடக்கும் மண்கட்டி முதலான திரண்ட பொருளுக்கு வழங்கும் பழைய சொல். கணிதத்தில் கனசதுரம், கூம்பு, உருளை போன்ற திண்ம உருவங்களுக்கும் அதுவே பெயர். ஆகவே போலிஷ் வாசகர் ஒரு மகிழுந்தைப் பக்கவாட்டில் பார்க்கும்போது எண்ணுவது திண்மங்களை. அங்கு நெடுங்காலம் ஓடிய போல்ஸ்கி ஃபியட் 125பி, முன்மூடி, பயணியர் கூடம், பின்பெட்டி என்ற தெளிவான பிரிவுகளோடு ‘துருய்பிரிவோவே’, அதாவது மூன்று திண்மங்களால் ஆனது.

ஆங்கிலம் இதே கருத்தைப் பெட்டியாகக் கொண்டதால், ஆங்கிலத்தின் வழியே வருபவர் ‘ஒற்றைப்பெட்டி’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. அது இரு வகையில் பிழைபடும். தமிழில் பெட்டி என்றால் மூடியைத் திறந்து பொருள் வைக்கும் கலம். வண்டியோடு சேர்த்துச் சொன்னாலோ ரயில் பெட்டிதான் நினைவுக்கு வரும். மூலச்சொல் பேசுவது உள்ளே என்ன இருக்கிறது என்பதையன்று, வெளியே தெரியும் வடிவத்தின் ஒருமையை. ‘ஓருரு’ என்ற சொல் அழகானது. ஆனால் எண் கூடி ‘மூவுரு’ ஆகும்போது பொருள் வேறு எங்கோ சென்றுவிடுகிறது. ‘திண்மம்’ கணிதப் பாடத்தில் பழகிய சொல். ஒருதிண்மம், இருதிண்மம், முத்திண்மம் என்று வரிசை குலையாமல் எண்ணவும் அது இடம் தருகிறது. எனவே ‘ஒருதிண்ம மேற்கூடு’ என்பதையே நான் தேர்கிறேன்.

பெஸ்கிட் இந்த அடைமொழிக்கு உரியதாக இருப்பதற்கு அதன் கட்டமைப்பே காரணம். போலந்து மக்கள் ‘மாலுஹ்’, அதாவது பொடியன், என்று செல்லமாக அழைத்த ஃபியட் 126பி வண்டிக்கு மாற்றாக இது திட்டமிடப்பட்டது. மாலுஹின் இரட்டை உருளை இயந்திரம் பின்புறம் இருந்தது. பெஸ்கிட்டில் இயந்திரம் முன்னே வந்து முன்சக்கரங்களை இயக்கியது. அதனால் பின்பகுதி முழுவதும் பயணியருக்கும் பொருள்களுக்கும் கிடைத்தது. முன்மூடியின் சரிவும் கண்ணாடியின் சரிவும் ஏறக்குறைய ஒரே கோடாக ஏறி, காற்றின் தடையைக் குறைத்தன. பொருளாதார நெருக்கடியில் இருந்த அன்றைய போலந்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய முன்மாதிரிகளோடு முயற்சி நின்றுபோனது பெரும் இழப்பு. இதை ஒத்த வடிவத்தில் ரெனோ நிறுவனத்தின் டுவிங்கோ 1992இல் அறிமுகமானபோது, போலந்தில் பலரும் பெஸ்கிட்டையே நினைத்தனர்.

விவரிப்பில் வரும் மேலும் இரண்டு சொற்கள். ‘ஸமோஹூட்’ என்பது மகிழுந்து. ‘ஸம்’ தானே, ‘ஹூட்’ நடை, ஆகவே நம் ‘தானுந்து’ என்ற ஆக்கத்துக்கு மிக நெருங்கிய உறவு. ‘தோஷ்வியத்சால்னி’ என்பது சோதனை சார்ந்தது எனப் பொருள்படும். ‘சோதனைத் தானுந்து’ என்றால் தெளிவாக விளங்கும். ‘வெள்ளோட்டம்’ அழகிய சொல்லானாலும் இங்கே பொருந்தாது. கட்டி முடித்த தேரையோ வண்டியையோ முதலில் ஓட்டிப் பார்ப்பது வெள்ளோட்டம். வடிவமைப்பையே ஆராயக் கட்டப்படும் வண்டி வேறு.

‘நட்வோஜியே யெட்னோபிரிவோவே, த்ஷிட்ஷ்வியோவே’ என்ற குறிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஒருதிண்ம மேற்கூடு, மூன்று கதவுகள்’ என்று வரும். மூன்றாவது கதவு எந்தப் பக்கம் என்று வாசகர் திகைப்பார். அங்கே பின்புற மூடியையும் கதவாக எண்ணுவது வழக்கம். அதனால் ‘ஒருதிண்ம மேற்கூடு, பக்கத்துக்கு ஒரு கதவும், பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவும் கொண்டது’ என்று விரித்து எழுதுவதே தகும்.