நுனிக்கால் நடையைத் திருத்த வேண்டாம்

டுஷேன் தசைச்சிதைவு என்ற, தசைகள் படிப்படியாக அழியும் மரபணு நோய் உள்ள சிறுவன் வயிற்றை முன்னே தள்ளி, தோளைப் பின்னுக்குச் சாய்த்து, நுனிக்காலில் நடப்பான். "நேரா நட, குதிகாலை ஊணு" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அவன் விழாமல் இருப்பதே அந்தக் கோணல் நடையால்தான்.

தசைச் செல்லின் சவ்வை உள்ளிருக்கும் இழைகளோடு பிணைத்து வைக்கும் புரதம் டிஸ்ட்ரோஃபின். இந்த நோயில் அது இல்லாததால் தசை வேலை செய்யும்போது சவ்வு கிழிந்து, கால்சியம் உள்ளே புகுந்து, செல் மடிகிறது. அந்த இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடித்துக்கொள்கின்றன. தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போதுதான் சேதம் அதிகம். படியிறங்குவதும் டிராம்போலினில் குதிப்பதும் அந்த வகை, நீச்சல் அப்படியல்ல.

முதலில் தளர்வது இடுப்பும் தொடையும். பிட்டத் தசை சோர்ந்ததும் உடல் முன்னே மடியப் பார்க்கும். முதுகை வளைத்து எடையை இடுப்பு மூட்டுக்குப் பின்னால் கொண்டுபோனால் மடியாது. தொடையின் முன்தசை சோர்ந்தால் முழங்கால் மடங்கும். எடைக்கோடு முழங்காலுக்கு முன்னால் விழுந்தால் அது பூட்டிக்கொண்டு நிற்கும். நுனிக்காலில் நிற்பதன் பயன் இதுவே. இடுப்புக்குப் பின்னால், முழங்காலுக்கு முன்னால் என்ற ஒடுங்கிய பாதையில் எடையை வைத்துத்தான் ஒவ்வோர் அடியும்.

ஆகவே, நடக்கும் சிறுவனுக்குக் குதிகால் தசைநாணை அறுவை செய்து அளவுக்கு மீறி நீட்டினால் நடையே போய்விடலாம். கணுக்கால் ஸ்பிளின்ட் (பாதத்தை மடக்கிய நிலையில் பிடித்து வைக்கும் கட்டு) இரவில் மட்டும். பகலில் போட்டால் இந்த ஈடுகட்டலைத் தடுக்கும். அதற்காக இறுக்கத்தைக் கண்டுகொள்ளாமலும் விடக்கூடாது. இடுப்பின் முன்தசை இறுகினால் பின்னால் சாயவே முடியாது. கணுக்கால், முழங்கால், இடுப்புக்கு வாரம் 4 முதல் 6 நாளாவது நீட்டுப் பயிற்சி தேவை.

மருந்தில் ஸ்டீராய்டுக்கே முதலிடம். வழக்கமான தொடக்க அளவு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு பிரெட்னிசோலோன் 0.75 மி.கி. அல்லது டெஃப்லாசகார்ட் 0.9 மி.கி. சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலும் 12 வயதை ஒட்டி நடை நிற்கும். ஸ்டீராய்டு அதைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது. ஆனால் எடையைக் கூட்டும், எலும்பை மெலியவைக்கும். இரண்டுமே நடைக்கு எதிரிகள். மாத்திரையைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதற்குள் தூங்கியிருக்கும்.

டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் ஒரே பிழையுள்ள அண்ணன் தம்பிகூட ஒரே வயதில் நடையை இழப்பதில்லை. எல்டிபிபி4 போன்ற வேறு மரபணுக்களும் இதில் கைவைக்கின்றன.

நடை ஒரே நாளில் முடிந்துபோவது பெரும்பாலும் தொடை எலும்பு முறிவால். மாவுக்கட்டோடு சில வாரம் படுத்தால் மற்ற பிள்ளைகளுக்குத் தசை திரும்பி வரும், இவர்களுக்கு வராது. அதனால்தான், அதுவரை நடந்துகொண்டிருந்தவனுக்கு உள்ளே கம்பி வைத்துச் சீக்கிரம் எழுப்பி நிறுத்துகிறார்கள்.

கிளினிக்கில் 9 மீட்டர் நடக்கும் நேரத்தைக் குறித்து வைப்பார்கள். 12 வினாடியைத் தாண்டினால் ஓராண்டுக்குள் நடை நிற்க வாய்ப்பு மிக அதிகம். வீல்சேருக்கு அளவெடுக்கவும் வீட்டு வாசலின் அகலத்தைப் பார்க்கவும் அதுதான் நேரம்.