கொல்லைப்புறத்து மரத்தளமும் உப்புக் காற்றும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கொல்லையில் வேப்பமரத்தடியில் சட்டம் புதைத்து, பலகை அடித்து, நானே ஒரு மரத்தளம் போட்டேன். மூன்றாம் வருஷ ஐப்பசி மழையில் ஒரு பலகை காலடியில் அமுங்கியது. பிரித்தபோது ஆணி கையோடு வந்துவிட்டது. அதன் தலை நன்றாகவே இருந்தது. மரத்துக்குள் இருந்த பகுதி மட்டும் தென்னை ஈர்க்கு மாதிரி மெலிந்திருந்தது. சுற்றியிருந்த மரம் நகம் பட்டாலே கருப்பாக உதிர்ந்தது.

வெளியே தெரிகிற தலையை விட்டுவிட்டு உள்ளே ஏன் அரிக்கிறது? தலைக்குக் காற்று கிடைக்கிறது, புதைந்த தண்டுக்குக் கிடைப்பதில்லை. ஈரம் இரண்டையும் இணைத்ததும் அந்த ஓர் ஆணியே சின்ன பேட்டரியாகிவிடும். அதில் கரைவது ஆக்சிஜன் குறைந்த பக்கம். கரைந்த இரும்பு நீரோடு வினைபுரிந்து அங்கே அமிலத்தை உண்டாக்கும். இரும்பும் அமிலமும் சேர்ந்து மரநாரைச் சிதைக்கும். உப்பு இதை வேகப்படுத்துகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துக் கிடக்குமே, அதேதான். அதனால் மழை பெய்யாத நாளிலும் கடலோரத்து ஆணி நனைந்தே இருக்கும்.

துத்தநாகம் பூசிய திருகாணியில் இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரைந்து அதைக் காக்கும். ஆனால் பளபளவென்று கடையில் கிடைப்பவற்றில் அந்தப் பூச்சு மிக மெல்லியது, சீக்கிரம் தீர்ந்துவிடும். சமையல் பாத்திரம் செய்கிற 304 ரக எவர்சில்வரிலும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி விழும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைத் தாங்கும். விலை அதிகம்தான். இருந்தாலும் பலகையில் மிச்சம் பிடித்து இதில் செலவழிக்கச் சொல்வேன்.

மரத்துக்கு வருவோம். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. வைரம் பாய்ந்த தேக்கில் பூஞ்சைக்கும் கறையானுக்கும் ஆகாத பொருள்கள் இயற்கையாகவே உண்டு. வெளிறிய ஓரப் பகுதியில் அது கிடையாது. தேக்கு என்றாலும் வெளிறு வெளிறுதான். பனையில் இது தலைகீழ்: வைரம் வெளிச்சுற்றில், சோறு நடுவில். 'புறக்காழனவே புல்லென மொழிப', அதாவது வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரித்ததும் இதை வைத்துத்தான். பனஞ்சட்டம் வாங்கினால் நடுச்சோறு ஒட்டாமல் அறுத்ததா என்று பாருங்கள்.

எந்த மரமானாலும் நெருக்கமாக வளர்ந்த நுண்குழாய்க் கட்டுதான். பக்கவாட்டில் மெதுவாக நீர் ஏறும், அறுத்த முனையில் மளமளவென்று ஏறும். என் பலகைகளிலும் முனைகள்தான் முதலில் போயின. இப்போது ஒவ்வொரு முனைக்கும் மூன்று கை வார்னிஷ் அடிக்கிறேன். சட்டத்தின் காலை மண்ணில் புதைக்கவே கூடாது. மண்மட்டத்தில்தான் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும், பூஞ்சைக்கு அதுவே தோது. தரைக்கு மேல் ஒரு சாண் தூக்கிய கருங்கல் காலில் சட்டத்தை உட்கார வைத்தால் போதும்.

இந்தக் கரையில் கட்டுமரம் ஓட்டியவர்கள் கட்டைகளைக் கயிற்றால்தான் கட்டினார்கள், ஆணி கிடையாது. கரையேறியதும் அவிழ்த்துத் தனித்தனியே காயப் போடுவார்கள். நாம் தளத்தை தினமும் அவிழ்க்க முடியாது. அதற்குப் பதிலாகப் பலகைக்குப் பலகை 6 மில்லிமீட்டர் இடைவெளி விடலாம். மேலே விழுந்த நீர் வடியும், அடியில் காற்று ஓடும், மழையில் பலகை உப்பினாலும் ஒன்றையொன்று நெம்பாது.

அப்புறம் ஒரு வேலை இருக்கிறது. இடுக்கில் வேப்பஞ்சருகு அடைத்தால் அந்த இடம் காயவே காயாது. மழை விட்ட மறுநாள் காலையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சியோடு உட்கார்ந்து கிண்டி எடுத்துவிடுகிறேன்.