பரங்கிக்காயைத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள்

"பரங்கியா? எங்க வீட்டுல யாரும் தொடமாட்டாங்க மேடம், சொதசொதன்னு இருக்கும்." உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. எவ்வளவு தண்ணீர் ஊற்றி வேக வைப்பீர்கள் என்று கேட்பேன். "காய் மூழ்குற வரைக்கும்" என்பார்கள். சரி, காயின் மேல் என்ன தப்பு? பரங்கியின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் ஏற்கெனவே தண்ணீர்தான்.

பரங்கி, பட்டர்நட், ஏகார்ன், கபோச்சா எல்லாம் ஒரே கூட்டம். வின்டர் ஸ்குவாஷ், அதாவது குளிர்காலப் பூசணி என்று பெயர் இருந்தாலும் இவை வளர்வது கோடையில். தோல் கெட்டியாகும் வரை கொடியிலேயே முற்ற விட்டுப் பறித்தால் குளிர்காலத்துக்கும் தாங்கும். வைத்திருக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். சில வாரம் கழித்து வெட்டிய பட்டர்நட் கூடுதலாக இனிப்பது அதனால்தான்.

அந்த இனிப்பை வெளியே கொண்டுவர ஓவன்தான் என் முதல் சிபாரிசு. 2 செ.மீ. துண்டுகளாக்கி, எண்ணெயும் உப்பும் பிசிறி, 200 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். நடுவில் ஒருமுறை புரட்ட வேண்டும். தட்டில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். நெருக்கி அடுக்கினால் அதனதன் ஆவியிலேயே வெந்து, மறுபடி அதே சொதசொதப்பு. ஓவன் இல்லையா, அடி கனமான வாணலி போதும். மூடாமல், கிளறிக்கொண்டே இருக்காமல், ஒரு பக்கம் சிவக்கும் வரை பொறுமையாக விடுங்கள். இதில் சேரும் எண்ணெய்க்காகக் கவலைப்படுபவர்களுக்கு ஒன்று: காய்க்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினை உடல் உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

வெட்டப் பயப்படுபவர்கள் பாதியாகப் பிளந்து, விதையை வழித்து, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி 45 நிமிடம் சுட்டுவிடலாம். அப்புறம் கரண்டியால் சதையை எடுத்தால் போதும். பிளப்பதே கஷ்டம் என்றால், தோலில் நாலைந்து இடம் குத்தி மைக்ரோவேவில் 2, 3 நிமிடம் வையுங்கள், கத்தி இறங்கும். கபோச்சாவின் தோல் வெந்தால் மெத்தென்றாகிவிடும், சீவவே வேண்டாம். வெந்ததும் சதை நூடுல்ஸ் மாதிரி இழை இழையாகப் பிரியும் ஸ்பாகெட்டி ஸ்குவாஷை மட்டும் நீளவாக்கில் பிளக்காமல் வளையமாக வெட்டுங்கள். அதன் நார் சுற்றுவாக்கில் ஓடுவதால் அப்படித்தான் நீள இழைகள் கிடைக்கும்.

குழந்தைக்கு மசிக்க ஆவியில் 15 நிமிடம் போதும். சூப்பில் தண்ணீர் இருக்கிறதே என்பீர்கள். அங்கே வெந்த நீரையும் சேர்த்துக் குடித்துவிடுகிறோம், அதனால் அதில் கரைந்த சத்து வீணாவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சிலரிடம் மட்டும் நானே தலைகீழாகப் பேசுவேன். 100 கிராம் பரங்கியில் சுமார் 340 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் சின்னத் துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, வடித்துக் கொட்டுவதுதான் நல்லது; பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் இனிப்பைப் பார்த்து மிரள வேண்டாம். 100 கிராமுக்குப் பரங்கியில் ஆறரை கிராம், பட்டர்நட்டில் 12 கிராம் கார்போஹைட்ரேட்; உருளைக்கிழங்கில் 17. பரங்கியின் தலையில் வெல்லப்பாகு ஊற்றினால் கணக்கு வேறு.

தினமும் பரங்கி மசியல் தின்று உள்ளங்கை மஞ்சளான குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பதறி வருவார்கள். வெள்ளைவிழி வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் அது கரோட்டின் நிறம்தான், குறைத்தால் மறைந்துவிடும். விழியும் மஞ்சளாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

நான் பயப்படுவது கசப்புக்கு. ஒரு வீட்டில் சூப் கசந்திருக்கிறது. வீணாக்க மனமில்லாமல் சர்க்கரை போட்டுக் குடித்திருக்கிறார்கள். அன்றிரவே எல்லோருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. குகர்பிட்டாசின் என்ற அந்த நச்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. எடுத்துவைத்த விதையை வீட்டிலேயே போட்டு வளர்த்த கொடியாம் அது. பக்கத்தில் அலங்காரச் சுரையின் மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறைக் காய் இப்படிக் கசக்கலாம். அடுப்பேற்றும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள்.