புது டயருக்கு முதல் மழை வேண்டாம்

ஐப்பசி மாதத்து மாலை. தூறல் விழத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அரை மணி நேரத்துக்கு முன் எங்கள் கடையில் பின் டயர் மாற்றிக்கொண்டு போன இளைஞர், நண்பரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தார். இடது முழங்கையில் தோல் உரிந்திருந்தது. தோளைத் தூக்க முடியவில்லை. வண்ணார்பேட்டையில் பாலத்துக்கு அடியில் திரும்பும்போது வண்டி அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டது என்றார். வேகம் முப்பதுக்கு மேல் இல்லை. "புது டயர்தானே அண்ணாச்சி, எப்படி வழுக்கும்?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை, திகைப்புதான் இருந்தது. மறுநாள் எக்ஸ்ரேயில் காறை எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

பாளையங்கோட்டையில் டயர் கடை வைத்து எனக்கு 23 ஆண்டுகள் ஆகின்றன. அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. வண்டியை வெளியே விடுவதற்கு முன்பே அதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்று கடையில் கூட்டம், சொல்லவில்லை. அதன் பிறகு இதைச் சொல்லாமல் ஒரு வண்டியையும் அனுப்பியதில்லை. எங்கள் கடைக்கு வராதவர்களும் இதே சாலைகளில்தான் போகிறார்கள் என்பதால் எழுதியும் வைக்கிறேன்.

கடையில் ஒன்று செய்து காட்டுவேன். கழற்றிய பழைய டயரையும் மாட்டப்போகும் புது டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பேன். வண்டிக்காரரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கச் சொல்வேன். பழையதில் விரல் சிலேட்டில் உரசுவதுபோலச் சொரசொரவென்று பிடித்து நிற்கும். புதியதில் வழுக்கிக்கொண்டு ஓடும். தெளித்த தண்ணீரும் அதில் பரவாமல், சேம்பிலையில் நிற்பதுபோல முத்து முத்தாக உருளும். பார்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது முறையும் தேய்த்துப் பார்ப்பார்கள்.

காரணம் டயர் உருவாகும் விதத்தில் இருக்கிறது. வேகாத ரப்பரை உலோக அச்சுக்குள் வைத்து, 150 டிகிரி செல்சியஸ் அளவிலும் அதற்கு மேலும் சூடாக்கி, உள்ளிருந்து அழுத்தம் கொடுத்து வேகவைக்கிறார்கள். வெந்த டயர் ஒட்டாமல் வெளியே வருவதற்கு வழுக்குப் பூச்சு பயன்படுத்துவது உண்டு. அதன் மிச்சம் டயரில் தங்கலாம். பூச்சே இல்லாவிட்டாலும் அச்சின் வழவழப்பு டயரின் தோலில் அப்படியே பதிந்திருக்கும். போதாததற்கு, ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்த்த மெழுகும், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெயும் டயர் கிடங்கில் கிடக்கும் நாட்களில் மெல்ல மேலே கசிந்து படியும். இந்த மேல்தோல் தார்ச்சாலையில் உரசி உரிந்த பிறகுதான், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய ரப்பர் தரையைத் தொடும். காய்ந்த சாலையில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஈரச் சாலை அதை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதற்கு விட்ட துளைகளில் ரப்பர் புகுந்ததால் உண்டானவை அவை. அவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் டயரின் எந்தப் பகுதி இன்னும் தரையைத் தொடவில்லை என்பதற்கு அவைதான் அடையாளம். பைக் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் இதற்கு வருகிறேன்.

பைக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நேராகவே ஓடிப் பழகிய பின் டயர் நடுவில் தேய்ந்து, கடைசியில் பலகைபோலத் தட்டையாகிவிடும். அந்தத் தட்டை டயரில் மாதக்கணக்கில் ஓட்டியவரின் உடம்பு, வளைவில் வண்டியைக் கொஞ்சம் வலிந்து சாய்க்கப் பழகியிருக்கும். புது டயரோ நல்ல உருண்டை. அதே அளவு சாய்த்தால் வண்டி சட்டென்று கூடுதலாகச் சாய்ந்துவிடும். அப்படிச் சாயும்போது தரையைத் தொடுவது, ஒருமுறைகூட உரசாத வழவழப்பான ஓரப்பகுதி. அதன்மேல் தூறலும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைத்தான் அன்று வண்ணார்பேட்டையில் அந்தத் தம்பி அனுபவித்தார். கார்களில் இது வேறு மாதிரி. புதுக் கார் டயரில் பட்டன், அதாவது வெட்டுகளுக்கு நடுவே தரையைத் தொடும் ரப்பர்க் கட்டை, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். உயரமான பட்டன்கள் திருப்பத்திலும் பிரேக்கிலும் சற்றே நெளியும். ஸ்டீயரிங் ஒரு கணம் தாமதமாகக் கேட்பதுபோலத் தோன்றும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அது படிந்துவிடும்.

இந்தப் பிரச்சினை நம் ஊரில் கூடுதலாக இருப்பதற்கு நாட்காட்டிதான் காரணம் என்பது என் கணிப்பு. எங்கள் தொழிலில் புரட்டாசியும் ஐப்பசியும்தான் அறுவடைக் காலம். ஆயுத பூஜைக்கு டயர் மாற்றுவார்கள், விட்டால் தீபாவளி போனஸ் வந்ததும் மாற்றுவார்கள். வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபரில்தான் நெல்லையில் இறங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் இங்கே பெரிய மழை கிடையாது. அத்தனை மாதமும் சாலையில் சொட்டிய எண்ணெயும், படிந்த தூசியும், தேய்ந்த ரப்பர்த் துகளும் முதல் தூறலில் ஊறிக் குழம்பாகும். கொட்டித் தீர்க்கும் மழை சாலையைக் கழுவிவிடும். பொசுபொசுவென்று பெய்யும் முதல் தூறல் அதைக் குழைத்துப் பூசிவிட்டுப் போகும். சாலையின் வழுக்கலும் புது டயரின் வழுக்கலும் ஒரே வாரத்தில் சந்திக்கின்றன.

குற்றால சீசனில் இன்னொரு வகை. ஆனி, ஆடியில் பாளையங்கோட்டை வெயிலில் டயரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஆலங்குளம் தாண்டும்வரை சாலை காய்ந்திருக்கும். பாவூர்சத்திரம் பக்கம் போகும்போதே சாரல் முகத்தில் அடிக்கும். டயர் மாட்டி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான்: மழைக்கான டயரை ஆவணி முடிவதற்குள் மாற்றுங்கள். காய்ந்த சாலையில் அது தேறட்டும். பைக்குக்கு 150 முதல் 200 கிலோமீட்டர், காருக்கு 300 முதல் 500 கிலோமீட்டர் என்று நான் சொல்வேன். அம்பாசமுத்திரம் வரை இரண்டு மூன்று முறை போய்வந்தால் பைக்கின் கணக்கு முடிந்துவிடும். அவசரப்பட்டு மணல்தாள் போட்டுத் தேய்ப்பதோ, பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைப்பதோ வேண்டாம். அவை ரப்பரைக் கெடுக்கும். அதைவிடக் கெடுதல், பூஜைக்குப் பளபளப்பாக இருக்கட்டும் என்று டயர் பாலிஷ் அடிப்பது. பக்கச் சுவரில் அடிப்பது தரையில் படும் பகுதிக்கு வழிந்தால் போதும், அது எண்ணெய் தடவிய டயர்தான். எங்கள் கடையில் இருசக்கர வாகன டயருக்குப் பாலிஷ் கிடையாது. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் தாராளமாக வைக்கலாம்.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் மழை முடிந்து மாற்றிக்கொள்கிறேன்" என்று யாரும் மொட்டை டயரோடு கார்த்திகையைக் கடத்திவிடக் கூடாது. அந்த ஆபத்து இதைவிடப் பன்மடங்கு பெரிது. சட்டப்படி இருசக்கர வாகன டயரில் 0.8 மில்லிமீட்டர், காரில் 1.6 மில்லிமீட்டர் பட்டன் ஆழமாவது இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், கார் டயர் 3 மில்லிமீட்டருக்கு இறங்கும்போதே மழைக்கு அது போதாது. பட்டன் வெட்டுகள் வழியாகத்தான் தண்ணீர் வெளியேற வேண்டும். வழி இல்லாவிட்டால் டயர் தண்ணீரின்மேல் ஏறி மிதக்கும். விமானச் சக்கரங்கள் ஓடுபாதைத் தண்ணீரில் மிதப்பதை 1960களில் ஆராய்ந்த நாசா ஆய்வாளர்கள், மிதக்கத் தொடங்கும் வேகம் டயரின் காற்றழுத்தத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டால், 32 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் ஏறத்தாழ 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 25க்கு இறங்கிவிட்டால் 83 கிலோமீட்டரிலேயே மிதக்கும். நான்குவழிச் சாலையில் நாங்குநேரி பக்கம் 83 என்பது யாரும் வேகமாகவே நினைக்காத வேகம். தேய்ந்துபோன டயரை அடைமழை நாளானாலும் மாற்றுங்கள், மாற்றிவிட்டு மெதுவாகப் போங்கள்.

கடையில் நீங்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காருவதற்கு முதலில் கூடுதலாகக் காற்று அடிப்போம். 'டப்' என்ற சத்தத்தோடு அது உட்கார்ந்ததும் காற்றை உரிய அளவுக்கு இறக்க வேண்டும். கூட்ட நேரத்தில் இறக்க மறந்துவிடுவது எல்லாக் கடையிலும் நடக்கக்கூடியது. காற்று கூடினால் டயர் தரையைத் தொடும் இடம் குறுகும். கிளம்பும் முன் அளவைக் காட்டச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் திசையைப் பார்க்கிறதா என்றும் பாருங்கள், மாறியிருந்தால் டயர் தண்ணீரைச் சரியாக வெளியேற்றாது.

காரில் இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு. புதியவற்றைப் பின்னால் மாட்டச் சொல்வேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "ஸ்டீயரிங்கும் இன்ஜினும் முன்னால்தானே அண்ணாச்சி இருக்கின்றன, நல்ல டயர் அங்கேதானே வேண்டும்?" என்று கால் மணி நேரம் வாதாடினார். முன் சக்கரம் மழையில் பிடி இழந்தால் கார் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். அது ஸ்டீயரிங்கிலேயே கைக்குத் தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பிவிடும். பின் சக்கரம் பிடி இழந்தால் எந்த முன்னறிவிப்பும் இருக்காது, கார் பம்பரம்போலச் சுற்றிவிடும். தேர்ந்த ஓட்டுநராலும் அதை மீட்பது கடினம். இதைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "சரி, பின்னாலேயே மாட்டுங்கள்" என்றார்.

வண்டி கிளம்பும்போது பில்லின் பின்பக்கத்தில் அன்றைய ஓடோமீட்டர் எண்ணை எழுதி, பைக்கானால் 200, காரானால் 500 கூட்டிக் கீழே வட்டமிட்டுக் கொடுக்கிறேன். அந்த எண் வரும்வரை மழையில் பிரேக்கைத் திடீரென்று அழுத்தாதீர்கள். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கமாக விடுவதைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். நம் ஊரில் மிகுதியாக ஓடும் 100, 110 சிசி வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது, பதறிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை அதிகம் சாய்க்காமல் திரும்புங்கள். நனைந்த வெள்ளைக்கோடுகள், பாலத்து இரும்பு இணைப்புகள், ரயில்வே கேட் தண்டவாளங்கள் ஆகியவற்றை நேராகக் கடந்துவிடுங்கள்.

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்வெளிச் சாலைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்ப் பருவ நெல் அறுப்பு முடியும் வேளையில் சாலையில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். மழையில் நனைந்து நசுங்கிய வைக்கோலில் எந்த டயருக்கும் பிடி கிடையாது. அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு உழவு தொடங்கியதும் டிராக்டர்கள் வயலிலிருந்து தொளியை, அதாவது உழுத சேற்றை, சாலைக்கு இழுத்து வரும். களிமண் தொளி ஒரு அங்குலம் போதும். புது டயரின் வெட்டுகளை அது முழுக்க அடைத்துவிடும், அந்த நிமிடத்தில் அதுவும் மொட்டை டயர்தான். அங்கே நடக்கும் வேகத்தில் போங்கள், தாண்டியதும் கொஞ்ச தூரம் பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு ஓட்டிப் பாருங்கள்.

வட்டமிட்ட எண் வந்ததும் பைக்குக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி, டயரின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நேர்ச்சாலையிலேயே 200 கிலோமீட்டர் ஓடியிருந்தால் நடுப்பகுதி மட்டும் மங்கிச் சொரசொரப்பாகியிருக்கும், ஓரம் இன்னும் பளபளக்கும். அங்கே ரப்பர் முடி நிற்கிறதென்றால், வளைவுகளைப் பொறுத்தவரை உங்களுடையது இன்றைக்குத்தான் மாட்டிய டயர்.