எந்தப் பகடை நேர்மையானது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச விளையாட்டை ஆன்லைனில் ஆடுகிறவர்களிடம் வழக்கமான புலம்பல் ஒன்று உண்டு: "இந்த சாஃப்ட்வேர் எனக்கு மட்டும் 1 ஆகவே போடுகிறது!" மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையால் உருட்டும்போது அதே 1 விழுந்தால், ராசி சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் சந்தேகப்பட வேண்டியது கையில் இருக்கும் பிளாஸ்டிக்கைத்தான்.

இந்த விளையாட்டின் உயிர் 20 முகப் பகடை. கத்தி வீசுவது, பூட்டை உடைப்பது, காவலாளியிடம் பொய் சொல்லித் தப்புவது என எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு முகமும் 5% வாய்ப்போடு விழ வேண்டும் என்றால் முகங்கள் ஒரே அளவாகவும், எடையின் மையம் நட்ட நடுவிலும் இருக்க வேண்டும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கில் உள்ளே காற்றுக்குமிழி தங்கலாம். பளபளப்புக்காக மொத்தமாகப் போட்டு உருட்டித் தேய்க்கும்போது விளிம்புகள் ஒரே சீராக மழுங்குவதில்லை. 1970-களில் வந்த மென்மையான பிளாஸ்டிக் பகடைகளோ ஆட ஆடத் தேய்ந்து கோலிக்குண்டு போலவே ஆகிவிடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறை எளிதில் கண்ணில் படாது. பொதுவாக எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும்படி எண்களை இடுவார்கள். 1-க்கு நேர் எதிரே 20. பகடை அந்தத் திசையில் துளி சப்பையாக இருந்தால் இரண்டுமே அதிகமாக விழும். சராசரி அப்போதும் 10.5-தான்! ஆனால் ஆட்டத்தில் 1 தரும் படுதோல்வியும் 20 தரும் பிரமாத வெற்றியும் கணக்குக்கு மேல் வந்துகொண்டே இருக்கும். சராசரியை மட்டும் பார்க்கிறவர் பகடைக்கு நற்சான்று கொடுத்துவிடுவார்.

சரி, கணினி எப்படி உருட்டுகிறது? இந்த ஆட்டத்தை ஆன்லைனில் ஆட உதவும் ஃபவுண்டரி என்ற மென்பொருள் மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்கு முறையைப் பயன்படுத்துகிறது. ஜப்பானின் மகோட்டோ மட்சுமோட்டோவும் தகுஜி நிஷிமுராவும் 1998-ல் வெளியிட்டது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் அதைத் திருகித் திருகி அடுத்தடுத்த எண்களைத் தரும். மொத்த வரிசையும் மறுபடி முதலிலிருந்து வருவதற்குள் எத்தனை எண்கள் கடக்கும் என்பதை எழுதவே 6,000 இலக்கங்களுக்கு மேல் வேண்டும். அதன் முழு 32 பிட் எண்கள் தொடர்ச்சியாக 624 கிடைத்தால் அடுத்து வருவதைக் கணித்துவிடலாம் என்பதால் ரகசியக் குறியீட்டுக்கு இது ஆகாது. டிராகனைக் கொல்ல தாராளமாகப் போதும்.

கணினியிலும் சறுக்க இடமுண்டு. 0 முதல் 255 வரை ஒரு எண்ணை எடுத்து, 20-ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் பகடை தயார் என்று தோன்றும். 256 எண்களை 20 முகங்களுக்குப் பங்கிட்டால் 16 மிஞ்சும். அதனால் 1 முதல் 16 வரை ஒவ்வொன்றுக்கும் 13 வாய்ப்பு, 17 முதல் 20 வரை 12 மட்டுமே. அதாவது 20 விழும் வாய்ப்பு 4.69% ஆகிவிடுகிறது. மருந்து சுலபம்: 240-ஓ அதற்கு மேலோ எது வந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு எண் எடுப்பது. பிளாஸ்டிக் பகடையை இப்படித் திருத்த முடியாது.

பின் ஏன் அந்தப் புலம்பல்? ஒரு காரணம், தற்செயல் என்றால் எண்கள் நன்றாகக் கலைந்து வரும் என்று மனம் எதிர்பார்க்கிறது. ஒழுங்கான பகடையை 100 முறை உருட்டினாலே ஏதோ ஓர் எண் அடுத்தடுத்து மூன்று முறை விழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இன்னொரு காரணம் கை. உளவியலாளர் எல்லன் லேங்கர் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டாலர் பந்தயச் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அதைத் திருப்பி விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டார்கள். சீட்டு கையில் திணிக்கப்பட்டவர்கள் கேட்டது 1.96 டாலர். பகடையைக் குலுக்கி ஊதி உருட்டுகிறவருக்கும் தன் கையில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பு வரும். மவுஸை ஒரு சொடுக்கு சொடுக்குவதில் அது வருவதில்லை.

அதனால்தான் சிலர் வீடியோ அழைப்பில் ஆடும்போதும் வீட்டில் சொந்தப் பகடையை உருட்டி, வந்த எண்ணை வாயால் சொல்கிறார்கள். மற்றவர்கள் அதை அப்படியே நம்புகிறார்கள்.