கிழக்கே போகும் விமானம் ஏன் சீக்கிரம் போய்ச் சேர்கிறது?

லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறக்குறைய 5,550 கிலோமீட்டர். ஆனால் லண்டனிலிருந்து போக சுமார் 8 மணி நேரம், திரும்பி வர 7 மணி நேரம்தான். "பூமி சுற்றுவதால்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பலரும் நம்புகிற விளக்கம்தான். ஆனால் பூமி சுற்றுவது மேற்கிலிருந்து கிழக்காக. விமானத்தை அந்தரத்தில் விட்டுவிட்டுப் பூமி மட்டும் நகருமானால், மேற்கே போகிறவர்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். நடப்பது நேர்மாறு. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது.

உண்மையான காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றோட்டம். அது பிறக்கும் விதம் அழகானது. சூடான காற்று விரியும், குளிர்ந்தது சுருங்கும். ஆகவே வெப்பமண்டலத்தின் மேல் நிற்கும் காற்று நெட்டை, துருவத்தின் மேல் நிற்பது குட்டை. 10 கி.மீ. உயரத்துக்குப் போனால், வெப்பமண்டலப் பக்கம் தலைக்கு மேல் இன்னும் நிறையக் காற்று மிச்சம் இருக்கும். துருவப் பக்கம் குறைவு. அதாவது ஒரே உயரத்தில் இங்கே அழுத்தம் அதிகம், அங்கே கம்மி. சரி, காற்று துருவத்தை நோக்கிக் கிளம்புகிறது. ஆனால் போய்ச் சேர்வதில்லை! நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. 60 பாகை அட்சரேகையில் அதில் பாதிதான். துருவம் நோக்கிப் போகும் காற்று, தான் கொண்டுவந்த கிழக்கு வேகத்தோடு கீழே உள்ள தரையை முந்திக்கொண்டு கிழக்கே வளைகிறது. கடைசியில் துருவத்தை அடையாமல் அதைச் சுற்றி ஓடுகிறது. குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு கூடுவதால் வேகமும் கூடும். மணிக்கு 300 கி.மீ.-ஐத் தாண்டுவதும் உண்டு.

2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரையைப் பொறுத்து வேகம் மணிக்கு 1,300 கி.மீ.-க்கும் மேல். ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா? இல்லை. ஓடும் ரயிலுக்குள் நடப்பவரைப் போல, காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

இந்தக் காற்றை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி. உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார், உலகம் கண்டுகொள்ளவில்லை. 1944-இல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் சிக்கித் திணறின. பலூன் விடுகிற ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

அப்புறம் ஒரு கணக்கு. போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 6,300 கி.மீ. தூரம், விமானத்தின் வேகம் 900, காற்று 150 என்று வையுங்கள். காற்றே இல்லாவிட்டால் போக 7, வர 7, ஆக 14 மணி நேரம். காற்றோடு 6 மணி, எதிர்த்து 8 மணி 24 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால் 24 நிமிடம் நஷ்டம். அதனால்தான் வட அட்லாண்டிக் வான்பாதைகளைக் காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாக வகுக்கிறார்கள். கிழக்கே போகிறவர் ஜெட் ஸ்ட்ரீமைத் தேடிப் போவார்; மேற்கே போகிறவர் சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் பரவாயில்லை என்று அதற்கு ஒதுங்கிப் போவார்.